பதிப்பு எண் ஒன்று



இது நகைச்சுவைக் கலைஞர் கலைவாணர் பிறந்த ஊர். இந்த ஊர் மேடையில் நின்று, கம்பைலர் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டவனுக்குத் துணிச்சல் கொஞ்சம் அதிகம்தான். தலைப்பைக் கேட்டதும் ஒரு நண்பர் கேட்டார்: "கம்பைலரைக் கண்டுபிடித்த கதை என்றால் வருவார்கள். பராமரித்த கதையைக் கேட்க யார் வருவார்?" நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். வெப்அசெம்பிளி என்ற ஒன்று இருக்கிறது. அதற்கு ஏற்றபடி நிரல்களை மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் முதலிய கருவிகள் இருக்கின்றன, அவற்றின் வரிசையை டூல்செயின் என்கிறோம். அந்தக் கருவிகள் ஆண்டுக்கணக்கில் எப்படிக் காக்கப்படுகின்றன? உள்ளே எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்போது வெளியே எதுவும் உடையாமல் இருப்பது எப்படி?

முதலில் அறிமுகம். தமிழ் அச்சுப் பக்கம் ஒன்றைப் படம் பிடித்து, அதிலுள்ள எழுத்துகளைக் கணினி எழுத்தாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு டெசராக்ட் என்ற மென்பொருள் உண்டு. 1980களில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் பிறந்தது, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது, தமிழும் படிக்கும். அது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. பிரவுசருக்கோ அந்த மொழி தெரியாது. ஆனால் இன்று டெசராக்ட் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. படம் எந்த சர்வருக்கும் போவதில்லை, உங்கள் கைப்பேசியை விட்டு வெளியேறுவதில்லை. எப்படி? அந்த நிரல் வெப்அசெம்பிளியாக மாற்றப்பட்டிருக்கிறது. பிரவுசருக்கு அது புரியும், வேகமாகவும் ஓட்டும்.

மாற்றுவது யார்? ஒருவர் இல்லை, ஒரு வரிசையே இருக்கிறது. கிளாங் நிரலைப் படிக்கும். எல்எல்விஎம் அதை இடைநிலை வடிவத்துக்குக் கொண்டுவந்து செம்மையாக்கி வெப்அசெம்பிளியாக எழுதும். வாசம்-எல்டி துண்டுகளை இணைக்கும். பைனாரியன் மறுபடியும் ஒருமுறை இளைக்க வைக்கும். எம்ஸ்கிரிப்டன் இத்தனை பேரையும் ஒரே கட்டளையில் வேலை வாங்கி, பிரவுசரோடு பேசத் தேவையான ஜாவாஸ்கிரிப்டையும் சேர்த்துக் கொடுக்கும்.

இதில் நம்மவர்கள் பங்கு என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். எல்எல்விஎம் தொடங்கியது 2000ஆம் ஆண்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்தில். மாணவர் கிறிஸ் லாட்னர். அவருடைய வழிகாட்டி விக்ரம் அத்வே, மும்பை ஐஐடியில் படித்தவர். கம்பைலர் பாடத்துக்கு நீங்கள் புரட்டும், அட்டையில் டிராகன் போட்ட அந்தப் புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவர் ரவி சேத்தி, கான்பூர் ஐஐடியில் படித்தவர். தேர்வுக்கு முந்தைய இரவு நீங்கள் யாரைத் திட்டுகிறீர்கள் என்பதாவது தெரிந்திருக்கட்டும்!

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

எந்த வெப்அசெம்பிளி கோப்பையாவது திறந்து முதல் எட்டு பைட்டுகளைப் பாருங்கள். முதல் நான்கு பைட்டுகள் ஒரு சுழியும், ஏ, எஸ், எம் என்ற மூன்று எழுத்துகளும். அடுத்த நான்கு, பதிப்பு எண். அந்த எண் என்ன? ஒன்று. 2017இல் நான்கு பெரிய பிரவுசர்களும் வெப்அசெம்பிளியை ஏற்றுக்கொண்டபோது அந்த எண் ஒன்று. 2019 டிசம்பரில் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யு3சி அதை அதிகாரப்பூர்வப் பரிந்துரையாக அறிவித்தபோதும் ஒன்று. 2025 செப்டம்பரில் வெப்அசெம்பிளி 3.0 வந்தது. நினைவகத்தில் பயனற்றதை அகற்றும் குப்பை சேகரிப்பு வந்தது, 64 பிட் நினைவகம் வந்தது, பல நினைவகங்கள் வந்தன, விதிவிலக்குக் கையாளல் வந்தது. இத்தனையும் வந்த பிறகு அந்த எண் என்ன? அப்போதும் ஒன்றுதான்!

ஏன் மாற்றவில்லை? மாற்றினால் பழைய கோப்புக்கு ஒரு இயக்கி, புதிய கோப்புக்கு ஒரு இயக்கி என்று பிரவுசர் இரண்டு குடும்பம் நடத்த வேண்டும். அதனால் ஒரு முடிவெடுத்தார்கள்: இருப்பதை உடைக்க மாட்டோம், புதியதைச் சேர்ப்போம். 2017இல் யாரோ உருவாக்கி வலைத்தளத்தில் போட்டுவிட்டு மறந்துபோன கோப்பு இன்றும் ஓட வேண்டும். எழுதியவர் வேலை மாறியிருக்கலாம், மூல நிரலே தொலைந்திருக்கலாம். கோப்பு ஓட வேண்டும்.

அப்படியென்றால் மாற்றத்தின் சுமை எங்கே போய் விழுகிறது? பிரவுசர் பழையதை விட முடியாது, பயனர் எதையும் செய்ய மாட்டார். நடுவில் நிற்கும் டூல்செயின் தலையில்தான் எல்லாம் விழுகிறது. இனி நான் சொல்லப்போகும் கதைகள் எல்லாம் இந்த ஒரு சுமையைச் சுமந்தவர்களின் கதைகள்.

எம்ஸ்கிரிப்டனின் கதையைக் கேளுங்கள். 2010இல் அலோன் ஸகாய் அதைத் தொடங்கினார். அப்போது வெப்அசெம்பிளியே கிடையாது. சி பிளஸ் பிளஸ் நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுவேன் என்று ஒருவர் கிளம்பியபோது, நடக்கிற காரியமா என்று கேட்டவர்கள் நிறைய. முதல் கம்பைலரையே ஜாவாஸ்கிரிப்டில் எழுதினார். ஓடியது. 2013இல் மொசில்லாவில் அவரும் லூக் வாக்னரும் டேவிட் ஹெர்மனும் ஏஎஸ்எம் ஜேஎஸ் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஜாவாஸ்கிரிப்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் கட்டுப்பாட்டோடு எழுதினால் பிரவுசர் அதை இயந்திர மொழிக்கு நெருக்கமான வேகத்தில் ஓட்ட முடியும் என்பதுதான் அது. எபிக் நிறுவனத்தின் அன்ரியல் விளையாட்டு இயந்திரமே பிரவுசருக்குள் ஓடிக் காட்டியது.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய கம்பைலர் பெரிய நிரல்களுக்குத் தாங்கவில்லை. வேகம் வேண்டும் என்று, எல்எல்விஎம்மின் ஒரு நகலை எடுத்து, அதற்குள் ஏஎஸ்எம் ஜேஎஸ் எழுதும் பகுதியைச் சேர்த்தார்கள். அதன் பெயர் ஃபாஸ்ட்காம்ப். பெயருக்கேற்ப வேகமாகவே இருந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

ஆனால் நகல் எடுத்தாயிற்று. மூலம் சும்மா இருக்குமா? எல்எல்விஎம் ஆண்டுக்கு இரண்டு வெளியீடு விடும். உள்ளே இருக்கும் செயற்கூறுகளின் பெயர் மாறும், வடிவம் மாறும். உள்கட்டமைப்பை நிலையாக வைத்திருப்போம் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நகலை வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் மூலத்தின் மாற்றங்களைத் தன் நகலுக்குள் இழுத்து, மோதுகிற இடங்களைச் சரிசெய்து, மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு முறை தவறினால் அடுத்த முறை வேலை இரட்டிப்பாகும். கடைசியில் ஃபாஸ்ட்காம்ப் எல்எல்விஎம் 6லேயே நின்றுவிட்டது. மூலமோ ஏழு, எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டிருந்தது.

இந்த நாஞ்சில் நாட்டில் இதைப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் ஆகாது. பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது. கட்டிய மிஞ்சின் துரையின் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஜூனில் தண்ணீர் திறந்தால் கன்னிப்பூ நெற்பயிருக்குக் கடைமடை வயலில் ஈரம் ஏறுமா ஏறாதா என்பதை எது தீர்மானிக்கிறது? தோவாளைச் சானலையும் அனந்தனாற்றுச் சானலையும் அந்த ஆண்டு தூர் வாரினார்களா என்பதுதான். பழைய வழக்கத்தில் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. வாய்க்காலால் பயன் பெறுகிறவர்களே கூடி அந்த வாய்க்காலைச் செப்பனிடுவார்கள். மேல்மடைக்காரன் தன் வயல் வரப்போடு நிறுத்திக்கொண்டால் கடைமடைக்காரன் காய்வான். பொதுவாய்க்காலை விட்டுவிட்டுத் தனக்கென்று தனிக்கால் வெட்டியவனோ, அந்தக் காலை ஆயுளுக்கும் தனியாகவே வார வேண்டும். ஃபாஸ்ட்காம்ப் வெட்டியது தனிக்கால்.

எம்ஸ்கிரிப்டன்காரர்கள் என்ன செய்தார்கள்? பொதுவாய்க்காலுக்குத் திரும்பினார்கள். வெப்அசெம்பிளி என்ற யோசனை 2015இல் அறிவிக்கப்பட்டது; பிரவுசர் நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. அதே ஆண்டு எல்எல்விஎம்மின் மூலத்துக்குள்ளேயே வெப்அசெம்பிளிக்கான பகுதியை எழுதத் தொடங்கினார்கள். நகலில் எழுதினால் தன்னிஷ்டம். மூலத்தில் எழுதினால் ஊரார் கேள்வி கேட்பார்கள்: இது ஏன் இப்படி, அதற்குச் சோதனை எங்கே, மற்ற இயந்திரங்களுக்கு இதனால் பாதிப்பு வருமா? மெதுவாகத்தான் நகரும். நான்கு ஆண்டுகள் நகர்ந்தது. 2019இல் எல்எல்விஎம் 8 வந்தபோதுதான் அந்தப் பகுதியின் மேல் ஒட்டியிருந்த 'சோதனை நிலை' என்ற சீட்டைக் கிழித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எம்ஸ்கிரிப்டன் தன் இயல்பான வழியாக அதை ஏற்றுக்கொண்டது.

பலன் என்ன? முன்பெல்லாம் ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றினாலும் இணைக்கும் நேரத்தில் முழு நிரலையும் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே வெப்அசெம்பிளித் துண்டாக மாறிக் காத்திருக்கும். இணைப்பான் அவற்றைச் சேர்க்கும், அவ்வளவுதான். எல்எல்விஎம்மில் உலகின் எந்த மூலையில் யார் செய்த மேம்பாடும் தானாக வந்து சேரும்.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2020 ஆகஸ்டில் எம்ஸ்கிரிப்டன் 2.0 வெளிவந்தது. பெரிய எண் என்றால் பெரிய வசதி வந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அந்த வெளியீட்டின் பெரிய செய்தி ஒரு நீக்கம். ஃபாஸ்ட்காம்ப்பை எடுத்துவிட்டார்கள். தாங்களே எழுதிய, ஆண்டுக்கணக்காக ஓடிய, நன்றாகவே ஓடிய நிரலைத் தாங்களே நீக்கினார்கள்.

அப்படியென்றால் வெப்அசெம்பிளி தெரியாத பழைய பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்டாகவே வேண்டும் என்று கேட்டவர்கள் கதி? அதற்கான கட்டளைக் குறி முன்பு எதுவோ, அதுவே பின்பும் இருந்தது. உள்ளே மட்டும் வேறு வழி. முதலில் வெப்அசெம்பிளியாக மாற்றி, பிறகு பைனாரியனில் உள்ள ஒரு கருவி அதை ஜாவாஸ்கிரிப்டாகத் திருப்பி எழுதும். பயனர் பார்வையில் அதே கட்டளை, அதே பலன். அடியில் ஓடிய இயந்திரம் முழுவதும் மாறிவிட்டது. பராமரிப்பில் தேர்ச்சி என்று ஒன்று உண்டென்றால் அதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

எல்லாம் இப்படி மங்களமாகவே முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சுழியின் கதையைச் சொல்கிறேன். சுழி, பூஜ்யம், சைபர். அதை எழுத எத்தனை பைட் வேண்டும்?

ஒன்று போதும் என்பீர்கள். வெப்அசெம்பிளியில் எண்களை எழுதும் முறைப்படி, ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட் எண்ணுக்கு. எட்டாவது பிட், 'இன்னும் வருகிறது' என்று சொல்வதற்கு. ஆகவே சுழியை ஒரே பைட்டிலும் எழுதலாம். 'இன்னும் வருகிறது, இன்னும் வருகிறது' என்று நான்கு முறை சொல்லி ஐந்தாவதில் முடித்து, ஐந்து பைட்டிலும் எழுதலாம். மதிப்பு ஒன்றுதான். ஐந்து பைட்டை எந்தப் புத்தியுள்ளவன் செலவழிப்பான் என்று கேட்கிறீர்களா? கம்பைலர் செலவழிக்கும். செயற்கூறுகளைப் பட்டியலிடும் அட்டவணைகளில் எதன் எண் ஓர் இடத்தில் வரும் என்பது இணைப்பானுக்குத்தான் தெரியும். பின்னால் எவ்வளவு பெரிய எண் வந்தாலும் இடம் இருக்கட்டும் என்று கம்பைலர் ஐந்து பைட் விட்டுவைக்கும்.

2017இன் விதிப்படி, செயற்கூறுகளை மறைமுகமாக அழைக்கும் கட்டளையில் ஒரு இடத்தில் ஒற்றை பைட் சுழி வர வேண்டும். அப்போது ஒரே அட்டவணைதான் இருந்தது. அந்த இடம் எதிர்காலத்துக்கென்று ஒதுக்கி வைத்தது. பிறகு பல அட்டவணைகள் வந்தன, அந்த இடம் எண்ணுக்குரிய இடமாக மாறியது. 2024இல் எல்எல்விஎம் 19, இந்தப் புதிய வசதியைப் பெரும்பாலான இயக்கிகள் ஏற்றுவிட்டன என்று சொல்லி, கேட்காமலே இயங்கும்படி செய்தது. நியாயமான முடிவுதான். அதே ஆண்டு அக்டோபரில் ரஸ்ட் என்ற நிரல்மொழியின் 1.82 பதிப்பு அந்த எல்எல்விஎம்மோடு வெளிவந்தது.

என்ன ஆயிற்று? இரண்டாவது அட்டவணையைக் கனவிலும் நினைக்காத நிரல்களில்கூட அந்தச் சுழி ஐந்து பைட்டாக எழுதப்பட்டு வந்தது. புதிய இயக்கிகள் படித்தன. பழைய இயக்கி ஒன்று அங்கே சுழியை எதிர்பார்த்தது, 'இன்னும் வருகிறது' என்ற பைட்டைப் பார்த்தது, கோப்பே செல்லாது என்று திருப்பி அனுப்பியது. நிரலில் பிழை இல்லை. கம்பைலரில் பிழை இல்லை. இயக்கியும் தான் கற்ற விதிப்படியே நடந்தது. யாரும் தவறு செய்யாமலே ஒன்று உடைந்தது.

இதற்குப் பெரிய அறிக்கைகள் வரவில்லை. சிறிய, கூர்மையான தீர்வு வந்தது. 2025இல் வெளிவந்த எல்எல்விஎம் 20இல், 'நீளமாக எழுதப்பட்ட எண்ணைப் படிக்கத் தெரியும்' என்பதையே ஒரு தனி வசதியாகப் பிரித்துப் பெயரிட்டுவிட்டார்கள். அட்டவணை வசதி வேறு, எண் எழுதும் முறை வேறு என்று முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு விஷயம் ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன்.

அதே ரஸ்டில் இன்னொரு கதை, சுருக்கமாக. ஒரு செயற்கூறுக்குப் பல உறுப்புகள் கொண்ட தரவை அனுப்பும்போது, சி மொழியின் மரபு அது இருக்கும் முகவரியை அனுப்புவது. ரஸ்டின் ஒரு வெப்அசெம்பிளி இலக்கில் தொடக்கத்திலிருந்தே உறுப்புகளைப் பிரித்துத் தனித்தனியே அனுப்பி வந்தார்கள். தவறுதான். ஆனால் அந்தத் தவறை நம்பி வாசம்-பைண்ட்ஜென் என்ற புகழ்பெற்ற கருவி எழுந்து நின்றுவிட்டது, அதை நம்பி ஆயிரக்கணக்கான நிரல்கள். உடனே திருத்தினால் எல்லாம் விழும். ஆகவே முதலில் அந்தக் கருவியை இரண்டு முறைக்கும் பொருந்தும்படி மாற்றினார்கள். காத்திருந்தார்கள். பிறகு எச்சரிக்கை கொடுத்தார்கள். மறுபடி காத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் ரஸ்ட் 1.89இல்தான் மரபைத் திருத்தினார்கள். சரியான விடை முன்பே தெரியும், எப்போது எழுதுவது என்பதற்கு இத்தனை ஆண்டுகள். மாணவர்களே, உங்கள் தேர்வுத்தாளில் இந்த வசதி கிடையாது!

அடுத்து, யார் செலவு, யார் தலையில் என்ற கேள்வி. வெப்அசெம்பிளியின் 32 பிட் முகவரியால் 4 ஜிபி வரை நினைவகத்தை எட்டலாம். ஆனால் வெகுகாலம் எம்ஸ்கிரிப்டனில் 2 ஜிபிதான் எல்லை. ஏன்? முகவரி ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போகும்போது குறியுள்ள எண்ணாகப் போகும். 2 ஜிபியைத் தாண்டினால் முகவரி எதிர்மறை எண்ணாகிவிடும்! கழித்தல் குறி போட்ட முகவரியில் எந்தத் தபால்காரர் போய் நிற்பார்? தீர்வு எளிது, ஒவ்வொரு இடத்திலும் குறியற்ற எண்ணாக மாற்றும் ஒரு செயலைச் சேர்த்தால் போதும். ஆனால் அது எல்லா நிரலுக்கும் சில பைட்டும் கொஞ்சம் வேகமும் செலவு. சின்னக் கணிப்பான் எழுதியவனும் அந்தச் செலவை ஏன் கொடுக்க வேண்டும்? எனவே 2 ஜிபிக்கு மேல் கேட்டவருக்கு மட்டும் அந்த மாற்றம் சேரும்படி 2020இல் செய்தார்கள். கேட்காதவர் கோப்பில் ஒரு பைட்டும் கூடவில்லை. மாத இறுதியில் டேட்டா பேக் தீரும் கைப்பேசிகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இந்த ஒழுக்கத்தை நான் மதிக்காமல் இருக்க முடியாது.

இளைக்க வைப்பது என்று சொன்னேன் அல்லவா, அது பைனாரியனின் தொழில். எல்எல்விஎம் ஏற்கெனவே செம்மையாக்கிய கோப்பை எடுத்து, யாரும் அழைக்காத செயற்கூறுகளைக் கழிக்கும். ஒன்றுபோல் இருக்கும் இரண்டை ஒன்றாக்கும். முன்கூட்டியே கணக்கிடக்கூடியதைக் கணக்கிட்டு விடையை மட்டும் வைக்கும். கூகுள் ஷீட்ஸின் கணக்கீட்டு இயந்திரத்தை ஜாவாவிலிருந்து குப்பை சேகரிப்புள்ள வெப்அசெம்பிளிக்கு மாற்றியபோது, முதல் வடிவம் பழைய ஜாவாஸ்கிரிப்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாக ஓடியது. வேகத்துக்காக மாற்றப்போய் வேகம் போயிற்று! கைவிடவில்லை. பைனாரியனிலும் இயக்கியிலும் அடுக்கடுக்காகத் திருத்தினார்கள். முடிவில் ஜாவாஸ்கிரிப்டைவிட இரண்டு மடங்கு வேகம் வந்தது.

ஆனால் கழிக்கிற கருவிக்கு ஒரு பெரிய பயம் உண்டு. தேவையானதைக் கழித்துவிட்டால்? நிரல் தவறான விடை தரும், பயனர் தன் நிரலைத்தான் சந்தேகிப்பார், கம்பைலரைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றாது. அதனால் பைனாரியன்காரர்கள் தங்கள் கருவியைத் தாங்களே ஓயாமல் தாக்குகிறார்கள். மனம்போன போக்கில் அர்த்தமற்ற நிரல்களை இயந்திரமே எழுதும். செம்மையாக்கும் முன் ஓட்டி விடையைக் குறிக்கும், செம்மையாக்கிய பின் ஓட்டி விடையை ஒப்பிடும், வேறுவேறு இயக்கிகளிலும் ஒப்பிடும். மாறுபட்டால் அங்கே ஒரு பிழை சிக்கியது. அப்படிச் சிக்கிய நிரல் ஆயிரம் வரி இருக்கும். இன்னொரு கருவி அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கும்: இந்த வரி இல்லாமலும் பிழை வருகிறதா? வருகிறதா, தூக்கு. இதுவும் இல்லாமல்? தூக்கு. கடைசியில் பத்து வரி மிஞ்சும். அந்தப் பத்து வரியைப் பார்த்தாலே பிழை எங்கே என்று புரிந்துவிடும். அது நிரந்தரச் சோதனையாகச் சேர்க்கப்படும், அதே பிழை மறுபடி உள்ளே வராது.

சரி, டூல்செயின்காரர் எல்லாம் சரியாகவே செய்தாலும் வெளியிலிருந்து அடி வராதா? வரும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. அது செயலிகளின் உள்ளே இருந்த குறை. ஆனால் பிரவுசர்கள் பகிர்வு நினைவகத்தை ஒரே வாரத்தில் முடக்கின, அதை நம்பியிருந்த பல்லிழை நிரல்கள் அப்படியே நின்றன. விதிவிலக்குக் கையாளல் இன்னொரு கதை. 2021இல் குரோம் ஒரு வடிவத்தை வெளியிட்டது, நிரல்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. 2023இல் தரநிலைக் குழு வடிவத்தை மாற்றியது. 3.0இல் புதிய வடிவம்தான் இருக்கிறது. பழைய வடிவத்தில் வெளிவந்த கோப்புகள்? எட்டு பைட் வாக்கு நினைவிருக்கிறதா? பிரவுசர்கள் பழையதையும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. பழையதைப் புதியதாக மாற்றும் வேலையை மறுபடி பைனாரியன் ஏற்றுக்கொண்டது.

இனி மனிதர்களிடம் வருகிறேன். கருவி பழுதானால் சரிசெய்யலாம். ஆள் போய்விட்டால்?

பைத்தான் எல்லாருக்கும் தெரியும். 2022இல் வந்த பைத்தான் 3.11இல் எம்ஸ்கிரிப்டனை ஆதரிக்கும் தளங்களின் பட்டியலில் மூன்றாம் நிலையில் சேர்த்தார்கள். 3.13இல் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பைத்தானின் விதி தெளிவானது: ஒரு தளத்துக்குப் பொறுப்பேற்கும் ஆள் வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் இடமில்லை. பிரவுசரில் பைத்தானை ஓட்டும் பயோடைட் குழுவினர் அந்த இடைவெளியில் தங்கள் வழியில் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு பொறுப்பேற்க ஆள் வந்தது, 2025 அக்டோபரில் 3.14இல் அந்தப் பெயர் மீண்டும் பட்டியலில் ஏறியது. ரஸ்ட் உலகிலோ, வெப்அசெம்பிளிக்கென்று இயங்கிய குழுவின் பொது இல்லத்தை 2025இல் மூடினார்கள். ஆனால் வாசம்-பைண்ட்ஜெனைப் புதிய பராமரிப்பாளர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மூடினார்கள். சத்தமில்லாமல் கைவிடுவதற்கும், பூட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனியுங்கள். என்னைக் கேட்டால், ஒரு திட்டத்தைத் தொடங்கத் தெரிந்தவர்களைவிட இப்படி முடிக்கத் தெரிந்தவர்கள் நமக்கு அதிகம் தேவை.

இதில் இந்த மாவட்டத்து மாணவருக்கு என்ன வேலை இருக்கிறது? நிறைய இருக்கிறது, அதுவும் நம் எழுத்திலேயே இருக்கிறது. 'கொ' என்று எழுதுகிறோம். கணினிக்குள் அது க என்ற எழுத்தும் ஒகரக் குறியும். திரையில் காட்டும்போது அந்த ஒரு குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். ஃப்ளட்டர் என்ற கருவித்தொகுப்பில் எழுதிய வலைச் செயலிகள் கேன்வாஸ்கிட் என்பதைப் பயன்படுத்துகின்றன. அதற்குள் ஹார்ஃப்பஸ் வெப்அசெம்பிளியாக மாற்றப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட செயலியில் தமிழ் சரியாகத் தெரிவதற்குப் பிரவுசர் மட்டும் பொறுப்பில்லை, நான் இவ்வளவு நேரம் பேசிய டூல்செயினும் பொறுப்பு. டெசராக்டும் அப்படியே. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழி பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தான் பிரவுசரில் உறுதியாக நின்றால் அதற்கும் அந்த வாசல் திறக்கும்.

எங்கே தொடங்குவது? பெரிய நிரல் எழுதிக்கொண்டு போய் நிற்க வேண்டாம். முதலில் உங்கள் கணினியில் எம்ஸ்கிரிப்டனை நிறுவுங்கள். பழைய சி நிரல் ஒன்றை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் நாளே எங்காவது தடுக்கும். இன்டெல் கணினி, இரண்டு உள்ளீடு வாங்க வேண்டிய செயற்கூறை ஒரே உள்ளீட்டோடு எழுதி ஏமாற்றியிருந்தாலும் கண்டுகொள்ளாமல் ஓட்டிவிடும். வெப்அசெம்பிளி அழைக்கும் இடத்தில் வகையைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடும். பைத்தான் நீட்சிகள் பலவற்றில் இப்படிப்பட்ட பொய்கள் பல்லாண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்ததைப் பயோடைட்காரர்கள் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினார்கள். அப்படி ஒன்று உங்களுக்கும் சிக்கும். சிக்கினால் 'ஓடவில்லை, உதவுங்கள்' என்று எழுதி அனுப்பாதீர்கள். நிரலை வெட்டுங்கள். இந்த வரி இல்லாமலும் பிழை வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, பத்து வரிக்குக் கொண்டுவாருங்கள். எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்று எழுதுங்கள். அந்த நூலகத்தின் மூலத்துக்கே திருத்தத்தை அனுப்புங்கள், உங்கள் நகலில் மட்டும் ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் வரச் சில வாரம் ஆகலாம். வரும்போது பாராட்டாக வராது, கேள்வியாக வரும்: இதற்குச் சோதனை எங்கே? அதையும் எழுதி அனுப்புங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம், பின்வரிசையிலிருந்து தொடங்கலாம்.